அக்கா கணக்கில் வருமானம் இரண்டு மடங்கு

அக்கா: தம்பி, இருக்கிறாயா? க்னூகேஷ் கணக்கு மென்பொருளில் இந்த மாத லாப நட்ட அறிக்கை எடுத்தேன். விற்றதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருமானம் காட்டுகிறது. ராத்திரி முழுக்கக் கூட்டிப் பார்த்தும் தப்பு பிடிபடவில்லை.

தம்பி: பதறாதீர்கள் அக்கா. பணம் வந்ததை எப்படிப் பதிந்தீர்கள்?

அக்கா: பில் போட்டு, அது கணக்கில் ஏற 'போஸ்ட்' கொடுத்தேன். அப்புறம் பணம் வந்ததும் வங்கிப் பேரேட்டைத் திறந்து, எதிர்க்கணக்கில் 'விற்பனை' என்று எழுதினேன்.

தம்பி: அங்கேதான் சிக்கல். பில்லை போஸ்ட் செய்தவுடனே விற்பனை வருமானத்தில் ஏறிவிடும். வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கி பற்றில் (டெபிட்) நிற்கும். பணம் வரும்போது வங்கிக்குப் பற்று, அந்தப் பாக்கிக்கு வரவு (கிரெடிட்), அவ்வளவுதான். விற்பனையை மறுபடி தொடக்கூடாது. 1,000-க்கு ஒரு பில் என்றால் உங்கள் வருமானத்தில் 2,000 ஏறியிருக்கும், பாக்கி 1,000 தீராமல் இருக்கும்.

அக்கா: ஆமாம்! பணம் வந்த பில்கூட பாக்கி என்றுதான் காட்டுகிறது. மென்பொருள்தான் கோளாறு என்று நினைத்துவிட்டேன்.

தம்பி: முதலில் கோப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் வங்கியில் தப்பாகப் போட்ட பதிவை நீக்கிவிட்டு, 'பிசினஸ்' மெனுவில் வாடிக்கையாளர் பகுதிக்குள் 'பிராசஸ் பேமென்ட்' போய், அந்த பில்லைத் தேர்ந்தெடுத்துப் பணத்தைப் பதியுங்கள். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், அவசரம் வேண்டாம்.

சித்தப்பா: நானும் கேட்டுக்கொள்கிறேன். சந்தா முடிந்த அன்று பழைய மென்பொருளில் என் கணக்கை நானே திறக்க முடியாமல் தவித்தேன். இதில் அப்படி ஆகுமா?

தம்பி: ஆகாது சித்தப்பா. 1998-இல் முதல் பதிப்பு வந்தது, இன்றுவரை தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம், சந்தா கிடையாது. கணக்கு உங்கள் கணினியிலேயே, சுருக்கிய எக்ஸ்எம்எல் கோப்பாக இருக்கும். க்னூகேஷ் இல்லாவிட்டாலும் அதை அவிழ்த்து, சாதாரண எழுத்தாகப் படிக்கலாம். இத்தனை வருட உழைப்பின் கணக்கைப் பார்க்க நாம் யாரிடமும் போய் நிற்கக்கூடாது. நான் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

சித்தப்பா: சரி. நானும் கணக்கரும் ஒரே நேரத்தில் எழுத முடியுமா?

தம்பி: அதற்கு இது வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான். இன்னொருவர் திறக்கப் போனால் கோப்பு பூட்டியிருக்கிறது என்று எச்சரிக்கும். அதை மீறித் திறந்தால் ஒருவர் எழுதியது போய்விடும். பல பேர் என்றால் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருளைப் பாருங்கள். அதுவும் திறந்த மூலம், பிரவுசரில் வேலை செய்யும். ஆனால் சர்வரைப் பராமரிக்கவும் நகல் எடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைத்த பிறகு தொடங்குங்கள்.

அக்கா: ஒன்பது பதிவையும் மாற்றிவிட்டேன்! வருமானம் பில் புத்தகத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது.

அக்கா: பாக்கிப் பட்டியலில் ஒரே ஒரு பில் மிச்சம். அவர் உண்மையிலேயே இன்னும் தரவில்லை. எல்லாமே பாக்கி என்று காட்டியதில் இவரைக் கவனிக்கவே இல்லை. இதோ, இப்போதே கூப்பிடுகிறேன்.