ஆர்எக்ஸ் 100 ரேஸ் வண்டி: ஸ்ட்ரெய்ட் முடிவில் இரண்டாவது தடவையும் சீஸ் (பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொண்டது). காரணம் என்ன? உதவி தேவை

காசிமேடு ஆர்எக்ஸ்

அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி என் மாமாவுடையது, 1994 மாடல் ஆர்எக்ஸ் 100. எட்டு வருஷம் மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்தது. போன வருஷம் அதை எடுத்து, அமெச்சூர் ரேஸில் ஓட்டலாம் என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வருகிறேன்.

இதுவரை செய்தது: புது கனெக்டிங் ராட், 0.25 போர் (சிலிண்டரை 0.25 மி.மீ. பெரிதாக்கிப் புது பிஸ்டன்), எக்ஸ்பேன்ஷன் சேம்பர் (ரேஸ் சைலன்சர்), ஏர் ஃபில்டர் பாக்ஸ் எடுத்துவிட்டு திறந்த ஃபில்டர். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டேன், டாங்கிலேயே ஆயில் கலந்து ஊற்றுகிறேன். லிட்டருக்கு 33 மில்லி, அதாவது 30-க்கு 1.

இருங்காட்டுக்கோட்டையில் டிராக் டே போனேன். இரண்டாவது செஷனில், ஸ்ட்ரெய்ட் முடிந்து வளைவுக்காக ஆக்ஸிலேட்டரை மூடிய அந்த நொடியில் பின் வீல் லாக். கிளட்ச் பிடித்ததால் விழவில்லை. பெட்ரோல் போதவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். 0.50 போர் போட்டு, மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை) இரண்டு சைஸ் ஏற்றி, ஆயிலையும் லிட்டருக்கு 50 மில்லி ஆக்கினேன். போன ஞாயிறு திரும்பப் போனேன். நடுவில் வண்டி அடைத்து அடைத்து ஓடியது, ஆனால் அதே இடத்தில் அதே மாதிரி சீஸ். இன்னும் ஜெட் ஏற்றணுமா? அடுத்த போர் போடுவதற்கு முன்னால் எண்ணூர் பக்கம் ராத்திரி காலியாக இருக்கிற ரோட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா?

பெரம்பூர் டூ ஸ்ட்ரோக்

முதலில் ஆயில் விஷயம். 50 மில்லிக்கு ஏற்றினால் பாதுகாப்பு என்று நினைத்திருக்கிறீர்கள். ஜெட் வழியாகப் போவது பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்த கலவை. அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் அந்த அளவு குறைகிறது, கலவை இன்னும் லீன் ஆகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் போட்டு 30-க்கு 1-க்கே திரும்புங்கள்.

இன்னொன்று, இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதே காற்றுக்கு இது கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பழைய ஆட்கள் சொல்கிற ஜெட் நம்பரை அப்படியே போட்டால் லீன்தான். ஈரத்தையும் இழுக்கும். கடற்கரை ஓரம் இருக்கிறீர்கள், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டை லேத்

தம்பி, ஜெட்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிடு. மூன்று விஷயம் சொல்லு. பிஸ்டனில் கீறல் எந்தப் பக்கம்? பிளக் என்ன நிறம்? வண்டி சூடானதும் ஒரு தடவை முறுக்கி விட்டால் ஐட்லிங் உடனே இறங்குகிறதா, இல்லை கொஞ்ச நேரம் மேலேயே நின்றுவிட்டு இறங்குகிறதா?

அந்த ராத்திரி ரோடு யோசனை வேண்டவே வேண்டாம். கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோடு, பாதி இடத்தில் லைட் கிடையாது. சீஸ் ஆகிற வண்டியை நீ அங்கே கொண்டுபோனால் பின்னால் வருகிறவனுக்கு நீ இருப்பதே தெரியாது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேரை ரோட்டு ரேஸில் பறிகொடுத்திருக்கிறோம். காசு கட்டி டிராக்குக்குப் போகிற நல்ல புத்தி உனக்கு இருக்கிறது, அதை விடாதே.

காசிமேடு ஆர்எக்ஸ்

சரி அண்ணே, ரோட்டுக்குப் போகமாட்டேன்.

பிஸ்டனில் சைலன்சர் பக்கம் மட்டும் அலுமினியம் இழுத்துத் தேய்ந்திருக்கிறது, விரல் நகம் மாட்டும் அளவுக்கு. கார்புரேட்டர் பக்கம் சுத்தமாக இருக்கிறது. பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பு வெள்ளை. ஐட்லிங், நீங்கள் சொன்ன மாதிரியேதான். மேலேயே நின்று, மூன்று நான்கு வினாடி கழித்துத்தான் இறங்கும். டூ ஸ்ட்ரோக் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

தண்டையார்பேட்டை லேத்

அப்படி இல்லை தம்பி. எங்கிருந்தோ காற்று உள்ளே வருகிறது. ஆயில் போதாமல் போயிருந்தால் கீறல் சுற்றி வந்திருக்கும். சைலன்சர் பக்கம் மட்டும் என்றால் அது சூடு. ஜெட் ஏற்றி, பெட்ரோல் கூடி நடுவில் அடைத்த வண்டி கடைசியில் சீஸும் ஆகிறது என்றாலே சிக்கல் ஜெட்டில் இல்லை.

ஸ்ட்ரெய்ட் முழுக்க வெந்துகொண்டு வருகிற பிஸ்டன். நீ ஆக்ஸிலேட்டரை மூடுகிறாய், எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது, கார்புரேட்டர் வழி அடைத்தாயிற்று. கிராங்க் கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றுகிற அறை) எங்கே சந்து கிடைத்தாலும் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்றில் பெட்ரோலும் இல்லை, ஆயிலும் இல்லை. அதனால்தான் மூடிய நொடியில் பிடிக்கிறது. சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்பில் ரேஸ் நடந்த காலத்தில், 1990-ல் இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன்னால், அப்பா தோளில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். ரன்வே கடைசியில் வண்டியை மூடும்போது ஒவ்வொருத்தர் இடது கையிலும் இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கும்.

எங்கெங்கே பார்க்கணும் என்றால்: கார்புரேட்டருக்கும் ரீட் வால்வுக்கும் (கலவையை உள்ளே மட்டும் விடுகிற தகடு) நடுவில் உள்ள ரப்பர், ரீட் கேஸ்கட், ஆயில் பம்ப் பைப் வந்து சேர்ந்த நிப்பிள், அப்புறம் மேக்னெட் (கரன்ட் தயாரிக்கிற சக்கரம்) பக்கத்து கிராங்க் ஆயில் சீல். ராட் மாற்றும்போது சீல் மாற்றினார்களா? கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இழுத்துப் புகை தள்ளும், யாருக்கும் தெரிந்துவிடும். மேக்னெட் பக்கம் காய்ந்த இடம், காற்றை மட்டும் இழுக்கும், சத்தமே இருக்காது.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே. எஞ்சினைத் தற்காலிகமாக மூட்டி பிரஷர் டெஸ்ட் போடு. வீட்டில் பழைய பி.பி. கருவி இருந்தால் போதும். கார்புரேட்டர் ரப்பரில் ஒரு ரப்பர் கட்டையைச் செருகி கிளாம்ப் போடு. சைலன்சர் வாயில் சைக்கிள் டியூப் வெட்டி வைத்து, மேலே பட்டை வைத்து முறுக்கு. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு அதில் டியூப் சொருகி, அந்த வழியாகக் காற்று அடி. பிஸ்டன் கீழ்க்கோடியில் இருக்கணும், அப்போதுதான் காற்று கிராங்க் கேஸுக்குப் போகும். மீட்டரில் 300 வரைக்கும் போ, அது கிட்டத்தட்ட 6 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் போனால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். ஐந்து நிமிஷம் முள் நகராமல் நிற்கணும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவு.

காசிமேடு ஆர்எக்ஸ்

ராட் மாற்றிய பட்டறையில் கேட்டேன் அண்ணே. சீல் நன்றாக இருந்ததால் பழையதையே போட்டோம் என்றார்கள். பாட்டியின் பி.பி. கருவியை வாங்கி வந்திருக்கிறேன். நாளைக்குச் செய்கிறேன்.

காசிமேடு ஆர்எக்ஸ் (மூன்று நாள் கழித்து)

பார்த்துவிட்டேன். முதல் தடவை 300-இலிருந்து முள் கண்ணெதிரே இறங்கி அரை நிமிஷத்தில் பூஜ்யம். சோப்பு தடவியதும் ஆயில் நிப்பிளில் நான் மாட்டியிருந்த ரப்பர் மூடியில் குமிழி வந்தது, அடியில் வெடித்திருக்கிறது. அதைக் கழற்றி, திருகு போட்டு அடைத்தேன். மறுபடி அடித்தால் இறங்குகிறது, ஆனால் மெதுவாக. புல்லர் வாங்கி மேக்னெட்டைக் கழற்றி, உள் பிளேட்டையும் எடுத்துவிட்டுத் தடவினேன். சீலின் உதட்டைச் சுற்றிப் பாதி வட்டத்துக்குப் பொடிப்பொடியாக நுரை. விரலால் அழுத்திப் பார்த்தேன், ரப்பர் மாதிரியே இல்லை, தேங்காய் ஓடு மாதிரி இருக்கிறது.

தண்டையார்பேட்டை லேத்

கிடைத்துவிட்டது. எட்டு வருஷம் சும்மா கிடந்த வண்டியில் சீலுக்கு வேறு கதி இல்லை. இரண்டு பக்கமும் மாற்று. புதுப்பேட்டையில் வாங்கினால் உதட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் இருக்கிறதா, கம்பெனி பெயர் ரப்பரில் அச்சாகி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. மாட்டும்போது உதட்டில் ஆயில் தடவு, சாவி ஓட்டையின் விளிம்பு கிழிக்காமல் கிராங்க்கில் ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொள். 0.75 போர் போட்டு மூடியதும் திரும்பவும் பிரஷர் டெஸ்ட். அது நின்ற பிறகுதான் ஸ்டார்ட்.

பெரம்பூர் டூ ஸ்ட்ரோக்

ஜெட் இப்போது இருக்கிற பெரியதிலேயே ஆரம்பியுங்கள். பிளக் ஒரு படி கூலாக (சூட்டைச் சீக்கிரம் கடத்துகிற மாதிரி) போடலாம், என்ஜிகேவில் நம்பர் கூடினால் கூல். முழு முறுக்கில் ஓட்டி, கிளட்ச் பிடித்து அதே இடத்தில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் வரும்வரை ஒரு தடவைக்கு ஒரு சைஸ் மட்டும் இறக்குங்கள். இரண்டு விஷயத்தை ஒன்றாக மாற்றவே மாற்றாதீர்கள். ரேஸுக்குப் பெயர் கொடுக்கும் முன் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ரேஸ் சங்கங்களின் கூட்டமைப்பு) லைசென்ஸ், லெதர் சூட், ஆயில் டிரெய்ன் போல்ட் கழன்றுவிடாமல் லாக் வயர், இதெல்லாம் தயாராக இருக்கட்டும். ஸ்க்ரூட்டினியில் (ரேஸுக்கு முன் வண்டிச் சோதனை) வயர் இல்லாமல் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காசிமேடு ஆர்எக்ஸ் (ஒரு மாதம் கழித்து)

அண்ணே, ஞாயிறு நான்கு செஷன் ஓட்டினேன். பிடிக்கவில்லை. முறுக்கி விட்டால் ஐட்லிங் பொத்தென்று உட்காருகிறது, அந்தச் சத்தத்தைக் கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஜெட் இரண்டு முறை இறக்கினேன், பிளக் வெளிர் பழுப்பு. பிட்டில் ஹெட்டைத் தொட்டுப் பார்த்து, ஆறும் வரை காத்திருந்துதான் ஒவ்வொரு தடவையும் போனேன்.

தண்டையார்பேட்டை லேத்

நல்லது தம்பி. இன்னும் ஒரு சைஸ் இறக்கலாம் என்று தோன்றும், இறக்காதே. வண்டி முழுசாக ஆறிய பிறகு ஹெட் நட் நான்கையும் குறுக்கு மறுக்காக ஒரு தடவை டைட் பார்த்துவிடு.