தொண்டையை வருத்தாமல் கணீரென்று பாடுவது எப்படி?

கேள்வி:
மூன்று ஆண்டுகளாகப் பாட்டுப் பயின்று வருகிறேன். சுருதி விலகுவதில்லை, ஆயினும் மேல் ஸ்தாயியில் என் குரல் மங்கி, வாத்தியங்களின் ஒலிக்குள் அமுங்கிவிடுகிறது. உரக்கப் பாடினால் கால் மணி நேரத்தில் தொண்டை கரகரக்கிறது. மூச்சை இன்னும் வேகமாகச் செலுத்த வேண்டுமா?

மறுமொழி 1:
வேண்டாம். நானும் பல காலம் செய்த பிழை அது. குரல் எடுபடுவது அதன் ஆற்றல் எந்த அதிர்வெண்களில் செறிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரிய வாத்தியக் குழுவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் அருகே உச்சம் பெற்று அதற்குமேல் தணிந்துவிடுகிறது. நம் காதோ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே மிகக் கூர்மையாக உணர்கிறது. குரல் நாண்களுக்குச் சற்று மேலுள்ள குழாய்ப் பகுதியை ஒடுக்கி, அதற்கு மேலே தொண்டையை அகலத் திறந்து வைத்தால், 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேற்சுரங்கள் (பாடும் சுரத்தோடு சேர்ந்தே எழும், அதன் மடங்குகளான அதிர்வெண்கள்) வலுப்பெறும். ஓப்பரா பாடகர்கள் மைக் இல்லாமலே அரங்கை நிறைப்பதற்கு ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி தந்த விளக்கமும் இதுவே. பயிற்சிக்கு, சிணுங்கும் குழந்தையைப் போல "ஞே ஞே" என்று மெல்லப் பாடி, அந்தக் கூர்மையை விடாமல் "ஏ", "ஆ" என்று மாற்றுங்கள். வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும்.

மறுமொழி 2:
இந்தப் பயிற்சி எளிதில் மூக்கொலியாகத் திரிந்துவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு "ஆ" பாடும்போது ஒலி மாறினால், காற்று மூக்கின் வழியே கசிகிறது என்று பொருள். மேலும், குரல் நாண்கள் சரியாகச் சேராமல் மூச்சு கலந்து வந்தால் மேற்சுரங்களே மெலிந்துவிடும். பாடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒரு குறுகிய உறிஞ்சுகுழலை உதடுகளால் கவ்வி, அதன் வழியே சுரங்களை ஏற்றி இறக்குங்கள். வாயருகே ஏற்படும் எதிரழுத்தம் நாண்கள் ஒன்றோடொன்று மோதும் வேகத்தைத் தணிக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நான் பெண் என்பதைக் குறிப்பிட மறந்துவிட்டேன். இவை எனக்கும் பொருந்துமா?

மறுமொழி 3:
கீழ், நடு ஸ்தாயிகளில் பொருந்தும். மிக உயர்ந்த சுரங்களில் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்பதால், 3000 ஹெர்ட்ஸ் உத்தி அவ்வளவாகப் பயன்படாது. அங்கே சுரம் ஏற ஏறத் தாடையைத் தாழ்த்தி வாயை அகலமாக்குங்கள். வாயறையின் ஒத்ததிர்வு, அதாவது அது இயல்பாகவே பெருக்கிக் காட்டும் அதிர்வெண், சுரத்தோடு சேர்ந்து உயர்ந்து, கூடுதல் முயற்சியின்றியே ஒலி பெருகும். அதனால் "ஈ" சிறிது "ஏ"யாக ஒலித்தாலும் கவலை வேண்டாம். கரகரப்பு மட்டும் மூன்று வாரம் கடந்தும் நீடித்தால், பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.