பருத்திக் கொழுந்து விரல் விரலா நீண்டு வருது, வைரஸா?

செம்மண்காடு:
பெரம்பலூர் பக்கம், மானாவாரிப் பருத்தி, 45 நாள் பயிர். அசுவினிக்கு மருந்து அடிச்ச பிறகு வர்ற கொழுந்தெல்லாம் ஒடுங்கி, வெண்டை இலை மாதிரி பிளந்து நீளுது. அடியிலை நல்லாத்தான் இருக்கு. கடையில வைரஸ்னு சொல்லி நுண்ணூட்டம் கொடுத்தாங்க, அடிச்சும் மாறல.

கரிசல்:
இலைச்சுருட்டு வைரஸ்னா ஓரம் மடங்கிக் குழியும், அடியில நரம்பு தடிக்கும். அது பெரும்பாலும் பஞ்சாப், ராஜஸ்தான் பக்கத்துத் தொல்லை. இது 2,4-டி பட்ட அடையாளம், மக்காச்சோளத்துல அகல இலைக் களைக்கு அடிக்கிற களைக்கொல்லி. பக்கத்துல மக்காச்சோளம் இருக்கா? ஸ்பிரேயர் யாருது? பாதிப்பு எந்தப் பக்கம் அதிகம்?

செம்மண்காடு:
வடக்கே மக்காச்சோளம்தான். ஆனா அந்த வரப்போரம் செடி நல்லா இருக்குண்ணா. கூலிக்கு ஆள் வச்சு அடிச்சோம், டேங்க் அவரோடது. தெக்கு மூலையில ஆரம்பிச்சார். அங்கதான் மோசம், போகப் போகக் குறையுது.

கரிசல்:
அப்ப டேங்க்தான் தம்பி, முன்ன அடிச்ச களைக்கொல்லி அதுல தங்கியிருக்கும். காத்துல வந்திருந்தா வடக்கு வரப்புதான் முதல்ல வாங்கியிருக்கும். பருத்திக்குக் குழாய்ல தங்கின மிச்சமே போதும். இதுக்கு மாத்து மருந்து கிடையாது, யார் கொடுத்தாலும் வாங்காதீங்க. லேசா பட்டிருந்தா புது இலை தேறிடும், காய்ப்பு தள்ளிப்போகும். அந்த மூலையை அவசரப்பட்டு உழுதுடாதீங்க. வேப்பந்தட்டையில பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கே, ஒரு செடியை வேரோட கொண்டுபோய்க் காட்டுங்க.

செம்மண்காடு:
தண்ணி ஊத்திக் கழுவினேன்னு சொல்றாரே?

வரப்போரம்:
வெறும் தண்ணிக்குப் போகாதுங்க, 2,4-டியிலயே எஸ்டர்னு ஒரு வகை இருக்கு, அது ரப்பர் குழாய்ல ஊறி நிக்கும். அடிச்ச அன்னைக்கே சோப்புத்தூள் கரைசலை நாசில் வரைக்கும் ஓட்டி, ராத்திரி ஊற வச்சு, மறுநாள் மூணு தடவை அலசணும். கிணத்தடியிலயும் வாய்க்கால்லயும் கூடாது. என்னைக் கேட்டா களைக்கொல்லிக்குத் தனி டேங்கே வச்சுக்கணும்.

இன்னொண்ணு. மருந்து டப்பா மேல இருக்கிற முக்கோணம் பச்சையா நீலமான்னு பார்த்துட்டு "பயிருக்குச் சேதமில்ல"ன்னு சொல்றவங்க நிறைய. அந்த நிறம் மனுஷனுக்கு எவ்வளவு விஷம்னு காட்டுறது. எந்தப் பயிர், எவ்வளவு அளவு, எத்தனை நாள் பயிர்ல அடிக்கணும்ங்கிறதெல்லாம் உள்ள மடிச்சு வச்ச தாள்ல இருக்கும். பிரிக்காமலே தூக்கிப் போடுறோம்.

செம்மண்காடு:
அதே ஆள் அதே டேங்கோட எங்க சித்தப்பா துவரைக்கும் அடிச்சிருக்கார்.

கரிசல்:
துவரையும் அகல இலைப் பயிர்தான். இன்னைக்கே போய்க் கொழுந்தைப் பாருங்க.