1992 அட்லாண்டா பந்தய வீடியோ நாடா: கடைசிப் பகுதி மட்டும் ஓடவில்லை

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், 1992 நவம்பர் 15 அன்று தொலைக்காட்சியிலிருந்து பதிவுசெய்த விஎச்எஸ் நாடாவைக் கொடுத்தார். நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தின் முதன்மைத் தொடரில் அந்த ஆண்டின் இறுதிப் பந்தயம், 328 சுற்றுகள். அந்தத் தொடரில் ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டிக்கு அது கடைசிப் பந்தயம், ஜெஃப் கார்டனுக்கு முதல் பந்தயம்.

சுமார் 290ஆம் சுற்று வரை படம் நன்றாகவே வருகிறது. பிறகு திரையின் கீழ்ப்பகுதியில் வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன, ஒலி அமுங்கிப்போகிறது. எனக்கு வேண்டியதே அந்தப் பகுதிதான்! ஆலன் குல்விக்கி 310ஆம் சுற்று வரை முன்னணியை விடாமல் ஓட்டிவிட்டுத்தான் பெட்ரோலுக்கு நிற்கிறார். பந்தயத்தை வென்றவர் பில் எலியட். ஆனால் குல்விக்கி 103 சுற்றுகளும் எலியட் 102 சுற்றுகளும் முன்னணியில் இருந்ததால், அதிகச் சுற்றுகளுக்கான 5 புள்ளிகள் குல்விக்கிக்குப் போயின. அந்த ஆண்டின் சாம்பியன் பட்டம் 10 புள்ளி வித்தியாசத்தில் அவருக்கே. ஒரே ஒரு சுற்று!

நாடா ஆறு மணி நேர மெதுவேகத்தில் பதிவானது. என் கருவி 2003இல் வாங்கிய நான்கு ஹெட் (நாடாவைப் படிக்கும் முனை) உள்ள விசிஆர். மற்ற நாடாக்கள் அதில் சரியாக ஓடுகின்றன. டிராக்கிங்கை (ஹெட் நாடாவின் தடத்தோடு பொருந்தச் செய்யும் அமைப்பை) தானாகவும் கையாலும் மாற்றிப் பார்த்தேன், ஹெட்டை ஆல்கஹாலால் துடைத்தேன், நாடாவை இருமுறை முழுவதும் சுற்றியெடுத்தேன். நண்பரின் விசிஆரிலும் அதே கோடுகள். மூடியைத் திறந்து பார்த்தால் அந்த இடத்தில் நாடாவின் கீழ் ஓரம் லேசாக மடங்கியதுபோல் தெரிகிறது. மூன்று வாரமாக இதே வேலை.

ஓரம் மடங்கிய நாடாவை வீட்டிலேயே நீவிச் சரிசெய்து, ஒரே ஒரு முறையாவது ஓடவைத்துப் பிரதி எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எப்படிச் செய்தீர்கள்?