துறைமுக விரிவாக்கக் கருத்துக் கேட்புக் கூட்டம்: அறிக்கையில் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

கரைமேட்டுப் பெண்:

வணக்கம். பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் எங்களுடையது. பக்கத்துத் துறைமுகத்தை விரிவாக்கப் போகிறார்கள். அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்த மாதம். ஊரில் பட்டம் வாங்கியவள் என்பதற்காகச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை என் கையில் கொடுத்து, "படித்து விவரம் சொல்லு" என்றுவிட்டார்கள் பஞ்சாயத்தார். நான் படித்ததோ வணிகவியல்.

தமிழ்ச் சுருக்கத்தில் எதைத் திருப்பினாலும் "தாக்கம் மிகக் குறைவு", "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்றே இருக்கிறது. ஆங்கில அறிக்கையோ தலையணை அளவு. கூட்டத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆளுக்கு இரண்டு நிமிடம் ஒலிபெருக்கி கிடைக்கும், எல்லோரும் "வேண்டாம், வேண்டாம்" என்போம், "எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒரு வரி எழுதிக்கொள்வார்கள். இந்த முறை அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளோடு போக விரும்புகிறோம். விவரம் அறிந்தவர்கள் உதவுங்கள்.

ஆழமானி:

அம்மா, முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். படிப்பவர் நடுவில் களைத்துப் போகட்டும் என்றுதான் அவ்வளவு தடிமனாகத் தயாரிக்கிறார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. தூர்வாரும் கப்பல்களில் கடலின் ஆழம் அளப்பது என் தொழிலாக இருந்தது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். நான் பார்த்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் மணல் கணக்கைத் தேடுங்கள். நம் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே ஓர் அலைத்தடுப்புச் சுவரை நீட்டினால் தெற்கே மணல் குவியும். வடக்குக் கரைக்கு அலை வரும், மணல் வராது. இதைக் கண்டுபிடிக்கப் புது ஆய்வு எதுவும் தேவையில்லை. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் 1870களில் எழத் தொடங்கின. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை குப்பங்களின் கரை போனது. இன்று எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரம் முழுக்கக் கருங்கல்லும், கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிய கற்சுவரான தூண்டில் வளைவும்தான். தூண்டில் வளைவு போட்டால் அரிப்பு நிற்பதில்லை, அடுத்த ஊருக்கு நகர்கிறது.

உங்கள் அறிக்கையில் "சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்டுவோம்" என்று ஒரு வாக்கியம் அநேகமாக இருக்கும். அதை நம்பி அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர் கட்டியபோதும் மணலைப் பம்பு வைத்து வடக்கே தள்ளும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து இயக்கப்படவில்லை. நகரத்தின் கடற்கரை போய்க் கற்சுவர் வந்தது. பல ஆண்டுகள் கழித்து, தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் அமிழ்ந்த தடுப்பு ஒன்றை அமைத்த பிறகுதான் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணலைக் கண்ணில் பார்த்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் இதே வேலை நடக்கிறது. கடலுக்குள் நீளும் ஒரு மேடையிலிருந்து பம்புகள் மணலை உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியே வடக்குக் கடற்கரைகளுக்கு அனுப்புகின்றன. தொழில்நுட்பம் நமக்கும் தெரிந்ததுதான். அங்கே இரண்டு மாநில அரசுகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது: ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர்? எந்த மாதங்களில்? எந்தக் குப்பத்தின் முன்னால்? துறைமுகம் இயங்கும் காலம் முழுவதற்கும் அந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது? ஒரு வருடம் செய்யாமல் விட்டால் யார் கேட்பது?

அடுத்தது தூர்வாருதல். உறிஞ்சு கப்பல் எப்படி வேலை செய்யும் என்று சொல்கிறேன். குழாயைத் தரையில் இழுத்துக்கொண்டே மணலும் நீருமாகத் தொட்டிக்குள் ஏற்றும். தொட்டி நிரம்பினாலும் நிறுத்த மாட்டார்கள். மணல் கீழே தங்கும், மேலே நிற்கும் கலங்கல் நீர் வழிந்து கடலுக்கே போகும். அதிக மணல் ஏற்றுவதற்கான வழி அது. கப்பலுக்குப் பின்னால் பழுப்பாக ஒரு பட்டை நீளும், நீரோட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயும். பாசியின் மேல் அந்தச் சேறு படிந்தால் இறால் குஞ்சுக்கு அங்கே வேலையில்லை. வழிந்தோடும் நேரத்துக்கு வரம்பு உண்டா, கலங்கல் அளவு இத்தனையைத் தாண்டினால் வேலை நிற்கும் என்று எண் போட்டு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "கண்காணிக்கப்படும்" என்பது போதாது. நானும் கண்காணித்திருக்கிறேன். எண் தாளில் ஏறும், கப்பல் போய்க்கொண்டே இருக்கும்.

கொட்டும் இடத்தையும் விடாதீர்கள். கப்பலின் அடிக்கதவைத் திறந்தால் சில நிமிடங்களில் தொட்டி காலி. வரைபடத்தில் குறித்த இடம் தொலைவில் இருக்கும், டீசலுக்குச் செலவாகும். ராத்திரி நேரத்தில் பாதி வழியிலேயே கதவு திறப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். கதவு திறந்த நேரமும் இடமும் கருவியில் தானே பதிவாகும். அந்தப் பதிவை மாதாமாதம் மீன்வளத் துறைக்கும் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். இதற்குச் செலவே கிடையாது. அதனாலேயே மறுப்பதற்கும் காரணம் சொல்ல முடியாது.

சோழகக்காற்று:

பெரியவர் சொன்னதில் ஒன்றை நான் சேர்க்கிறேன். நான் கடலில் தொழில் செய்கிறவன். தங்கையே, அறிக்கையில் கடலாய்வு எந்த மாதத்தில் நடந்தது என்று பார். எங்கள் பக்கம் வந்தவர்கள் மார்ச் மாதத்தில் வந்தார்கள், கடல் குளம் மாதிரி கிடந்தது. வாடைக் காலத்தில் வந்து பார்த்திருந்தால் நீர் எப்படி இழுக்கிறது, முகத்துவாரம் எப்படி அடைகிறது என்பது தெரிந்திருக்கும். ஒரு பருவத்தின் அளவை வைத்து ஆண்டு முழுவதற்கும் எழுதிவிடுகிறார்கள்.

கப்பல் சாயாமல் இருக்க வேறு கடலில் நிரப்பிக்கொண்டு வந்து இங்கே வெளியேற்றும் நிறைச்சமன் நீரைப் பற்றியும் கேள். காக்கா ஆழி இப்போது எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் ஆற்றின் தரையையே மூடிக் கிடக்கிறது. தென்னமெரிக்கச் சிப்பி அது. கப்பல்கள் கொண்டுவந்த நீரில்தான் வந்தது என்கிறார்கள். அது பாய் விரித்தது போல் படர்ந்த இடத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் கை வைக்க முடியாது, சேற்றில் இறாலும் ஒதுங்காது. வந்துவிட்டதை எடுக்க யார் பணம் கொடுப்பது என்று இப்போது இழுபறி. அடுத்து ஒன்று வராமல் இருக்க என்ன செய்கிறார்கள்?

கிடங்குக்காரர்:

நான் துறைமுகத்தில் வேலை செய்கிறேன். எங்களைத் திட்டுவதற்கு முன் யோசியுங்கள். வடசென்னை அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி வானத்திலிருந்தா இறங்கும்? தூசைக் குறைக்க மூடிய கன்வேயர் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இங்கே வேலை பார்க்கிறார்கள்.

ஆழமானி:

தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. துறைமுகமே கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை, என் சோறும் அதில்தான் வந்தது. ஆனால் தூசு விஷயத்தை முழுதாகச் சொல்லுங்கள். 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுவது நின்றது. இராயபுரத்துக்காரர்கள் மூச்சு விட்டார்கள். சரக்கு எண்ணூர்ப் பக்கம் வந்தது. மூடிய கன்வேயர் நல்லதுதான். கன்வேயரின் முனையில் கரி விழும் இடமும் லாரி வெளியே போகும் வாசலும் மூடியிருக்கின்றனவா? காற்றை அளக்கும் கருவி காற்று வீசும் திசையில் இருக்கிறதா, அலுவலகத்தின் மாடியில் இருக்கிறதா? அம்மா, இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் கசிவையும் கேளுங்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிய பிறகு, கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளியது நாட்டுக்கே தெரியும். எண்ணெய்க் கசிவுக்கான தேசியத் திட்டத்தின்படி 700 டன் வரையிலான கசிவைத் துறைமுகமே சமாளிக்கத் தயாராக இருக்க வேண்டும். எண்ணெய் பரவாமல் நீரின் மேல் வளைத்துப் போடும் மிதவைத் தடுப்பு எத்தனை மீட்டர் இருக்கிறது, கடைசியாக எப்போது கடலில் இறக்கிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். கிடங்கில் மடித்து வைத்த மிதவையை எலி கடித்து வைத்திருப்பதும் உண்டு.

கரைமேட்டுப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்னபடி தேடினேன். கடலாய்வு ஒரே பருவம், கோடை. மணலை வடக்கே சேர்ப்பது பற்றி ஒரே ஒரு பத்தி இருக்கிறது, அளவு இல்லை. சுற்றுச்சூழல் மேலாண்மைச் செலவு அட்டவணையில் பசுமை வளையத்துக்கு மரம் நடத் தொகை இருக்கிறது. மணலுக்கென்று ஒரு வரிகூட இல்லை. அட்டவணை படிப்பது மட்டும் எனக்குக் கைவந்த வேலை. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

வழக்குமேசை:

அதைத்தான் கேட்க வேண்டும். நடைமுறை பற்றிச் சில விஷயங்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்குவார். முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். முக்கியமானது இது: கூட்டத்தின் முடிவில் பேசியவற்றின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குள் யாரும் எழுந்து போகாதீர்கள். உங்கள் கேள்வி விடுபட்டிருந்தால் அங்கேயே சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். எழுத்துவடிவிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு முன்கூட்டியே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

இன்னொன்று. இது விரிவாக்கம் என்பதால் பழைய அனுமதியின் நிபந்தனைகள் ஏற்கனவே இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அரையாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும், அது பொது ஆவணம். பழைய நிபந்தனைகளில் மணல் பற்றி என்ன இருந்தது, என்ன செய்தார்கள் என்று அதில் பாருங்கள்.

ஆழமானி:

வழக்குமேசை சொன்ன பழைய அறிக்கைகள் கிடைத்தால் கரையோர அளவுப் படங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள் அம்மா. அதோடு உங்கள் குப்பத்தில் பெரியவர்களை உட்காரவைத்து, பத்து வருடத்துக்கு முன் கட்டுமரம் எங்கே ஏற்றி வைத்தார்கள், இப்போது எங்கே என்று கேட்டு, கோயிலிலிருந்தோ கிணற்றிலிருந்தோ கயிறு பிடித்து அளந்து எழுதி வையுங்கள். அவர்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கொட்டும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதையும் அனுப்புங்கள். சோழகக்காற்றுத் தம்பி அங்கே யார் வலை விடுகிறார்கள் என்று சொல்லிவிடுவார்.