கணவரை இழந்த அக்காவுக்கு எந்த உதவிக்கு எங்கே போய் நிற்பது?

கட்டபெட்டு தம்பி:
வணக்கம். கோத்தகிரி பக்கம் கட்டபெட்டு நான். அக்காவுக்காகக் கேட்கிறேன். மாமா போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். வயது 46. அக்காவுக்கு 38. சிறு தேயிலைத் தோட்டங்களில் இலை பறிக்கப் போகிறாள், கிலோ கணக்கில் கூலி. உறைபனி விழுந்தால் இலையும் இல்லை, கூலியும் இல்லை. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. மாமியாருக்கு 67, முதியோர் பணம் வருகிறது.

போனில் தேடினால் திட்டத்தின் பெயராகக் கொட்டுகிறது. எது அக்காவுக்குப் பொருந்தும் என்று புரியவில்லை. பஜாரில் ஒருவர் 3,000 ரூபாய் கொடுத்தால் விதவைப் பணம் வாங்கித் தருகிறேன் என்கிறார். இரண்டு தடவை இ-சேவை மையத்துக்குப் போனோம். ஆதாரில் மாமாவின் நம்பர் இருக்கிறது, அந்த சிம் செத்துப்போய் ஓடிபி வருவதில்லை. சரி, கைரேகை வைக்கலாம் என்றால் அதுவும் ஏறவில்லை. வருஷக்கணக்காக இலை கிள்ளி அக்காவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து, வெடித்து, வழுவழு என்று ஆகிவிட்டன. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வைத்தாள், அப்போதும் சிவப்பு விளக்குதான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழைய தலையாரி:
தம்பி, முதலில் அந்த 3,000 ரூபாய் ஆளை விடுங்கள். குன்னூர் வட்டத்தில் 26 வருஷம் கிராம உதவியாளராக இருந்தவன் நான். அவர் செய்யப்போவது உங்கள் பெயரில் இ-சேவையில் மனுப் போடுவது மட்டும்தான். அதை நீங்களே போடலாம்.

எல்லாரும் திட்டத்தைத் தேடுகிறார்கள், நான் காகிதத்தைத் தேடச் சொல்வேன். இறப்புச் சான்று கையில் இருக்கிறதா? இறப்பைப் பதிவது இறந்த இடத்தில்தான், சொந்த ஊரில் இல்லை. மாமா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் கோத்தகிரியில் கேட்டுப் பயனில்லை. 21 நாளுக்குள் பதிவாகியிருந்தால் சிக்கல் இல்லை. அதை வைத்து வாரிசுச் சான்றுக்குப் போடுங்கள். ரேஷன் கார்டில் மாமா பெயரை எடுத்துவிட்டு அக்காவைக் குடும்பத் தலைவராக மாற்றுங்கள். அப்புறம் வருமானச் சான்று, இ-சேவையில் 60 ரூபாய். விஏஓ விசாரிக்கும்போது அக்கா தோட்டத்துக்குப் போயிருந்தால் மனு கிடப்பில் கிடக்கும், போன் பண்ணி நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 40 வயதுக்குக் கீழே என்பதால் அக்காவுக்கு மாநில அரசின் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம். 40க்கு மேல் இந்திரா காந்தி பெயரில் உள்ள திட்டம். கைக்கு வருவது எதுவானாலும் மாதம் 1,200 தான், 2023 ஆகஸ்டில் உயர்த்தியது. மனு தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் தனி தாசில்தாரிடம் போகும். ஆதரவற்ற விதவைச் சான்று என்று ஒன்று உண்டு, அது வேறு. வேலை முன்னுரிமைக்கு உதவும், கொடுப்பவர் குன்னூர் கோட்டாட்சியர். இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றை யாரும் சொல்ல மாட்டார்கள். சம்பாதிக்கிற ஆள் 18 வயதிலிருந்து 59 வயதுக்குள் இறந்துபோனால், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு ஒரே தடவையாக 20,000 ரூபாய் உண்டு. தேசியக் குடும்ப நலத் திட்டம். அதற்கும் தாசில்தார்தான். மாமாவுக்கு 46, உடனே போடுங்கள், ஆறப்போட வேண்டாம்.

பந்தலூர் அக்கா:
மாமியாருக்குப் பணம் வருவதால் மகளிர் உரிமைத் தொகை கிடையாது என்று யாராவது சொல்லியிருப்பார்களே? 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கும் முன்பே அதைத் தளர்த்திவிட்டார்கள். அதே வீட்டில் இருக்கும் மருமகள் கேட்கலாம். ஆனால் விதவை ஓய்வூதியம் வர ஆரம்பித்தால் அந்த 1,000 அக்காவுக்கு வராது. இரண்டில் 1,200 தான் பெரியது, அதையே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் கதை ஒன்று. எனக்கு ஐந்து மாதம் பணம் வரவில்லை என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன். கடைசியில் பார்த்தால் நூறு நாள் வேலைக்காக எப்போதோ திறந்து மறந்துபோன பாஸ்புக்கில் அத்தனையும் கிடக்கிறது! ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் நாம் எழுதிக் கொடுக்கிற கணக்குக்குப் போகாது, ஆதார் கடைசியாக எந்தக் கணக்கில் இணைந்ததோ அதற்குத்தான் போகும். முதலில் அதைக் கேளுங்கள்.

இ-சேவை பையன்:
கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் நான். அண்ணா, ஓடிபி பிரச்சினைக்கு எங்களிடம் வர வேண்டாம், தபால்காரரிடம் சொல்லுங்கள். ஆதாரில் போன் நம்பர் மாற்ற அவரே மெஷினோடு வீட்டுக்கு வருவார். அஞ்சல் வங்கிக் கணக்கும் அங்கேயே திறக்கலாம். விரல் பிடிக்காதவர்களுக்கு ரேஷன் கடையில் கண் கருவிழி மெஷின் இருக்கிறது, கேட்டால்தான் எடுப்பார்கள். ஆதார் மையத்திலும் ரேகையைப் புதுப்பித்துப் பாருங்கள். பத்து விரலும் பதிவாகும், சுண்டுவிரல் இலை பறிப்பதில் அவ்வளவு தேயாது. எங்கள் பாட்டிக்குச் சுண்டுவிரல்தான் ஏறுகிறது.

மகள் காலேஜ் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த சான்று வேண்டும். அந்த விண்ணப்பத்தைக் காலேஜே பார்த்துக்கொள்ளும்.

பழைய தலையாரி:
கேட்க மறந்துவிட்டேன். மாமா எப்போதாவது எஸ்டேட்டிலோ ஃபேக்டரியிலோ நிரந்தரமாக வேலை பார்த்தாரா?

கட்டபெட்டு தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, பார்த்தார். ஒரு டீ ஃபேக்டரியில் 12 வருஷம், பிறகுதான் லோடு வண்டிக்குப் போனார். பிஎஃப் எடுத்தாரா என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

பழைய தலையாரி:
அப்படியானால் பழைய சம்பளச் சீட்டைத் தேடி எடுங்கள், அதில் பிஎஃப் நம்பர் இருக்கும். பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால் அது மாமா சேர்த்த பணம், அக்காவுக்கு வர வேண்டியது. பத்து வருஷம் தாண்டியிருப்பதால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமும், மகளுக்கு 25 வயது வரை தனிப் பங்கும் கேட்க முடியும்.

கட்டபெட்டு தம்பி:
அக்கா இப்போதுதான் தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். கல்யாணப் பத்திரிகைக்குள் மடித்து வைத்த நாலு சம்பளச் சீட்டு கிடைத்தது. ஒன்றில் நம்பர் தெளிவாக இருக்கிறது. தபால்காரர் வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார், அன்றைக்கு அக்கா இலைக்குப் போகவில்லை.