சின்னப் பையன்களைப் பிடித்து உள்ளே போடுவது: ஆஸ்திரேலியாவில் நீங்கள் நேரில் பார்த்தது?

செம்மண்காரன்:
நார்தர்ன் டெரிட்டரி மாநிலத்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு பெரிய கடை, எனக்கு இரவு வேலை. பழங்குடிப் பையன் ஒருவன், பத்துப் பதினொரு வயது இருக்கும், குளிர்பானம் எடுக்க வந்தான். காவலாளி பக்கத்தில் போய் நின்றார், அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை. பையன் தானாகவே கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினான், பனியனைத் தூக்கினான், செருப்பைக் கழற்றி உதறினான். அதே வரிசையில் நாலு வெள்ளைக்காரப் பிள்ளைகள், காசு கொடுக்காத சிப்ஸைப் பிரித்துத் தின்றுகொண்டு. அவர்கள் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. இங்கே பத்து வயதிலிருந்தே வழக்குப் போடலாம், தெரியும்தானே? 2023இல் பன்னிரண்டாக்கினார்கள். மறு வருஷம் ஆட்சி மாறியதும் பழையபடி பத்து.

டார்வின் கடைக்காரர்:
தம்பி, செருப்பை உதறியதற்கே உருகுகிறீர்கள். என் கடைக் கண்ணாடியை உடைத்த அன்று விடிய விடியச் சில்லு கூட்டியவன் நான். பிடிபட்டவனுக்குப் பதினான்கு வயது. உள்ளே போனான், வந்தான், வந்த கையோடு அடுத்த கடை. கடை வைத்திருப்பவர்கள் கேளுங்கள்: கேமராவை வாசலுக்கு மேலே வைக்காதீர்கள், தொப்பிதான் பதிவாகும். கல்லாவுக்கு எதிரே, முகமட்டத்தில் வையுங்கள். இரவில் கல்லாவைத் திறந்தே போடுங்கள், காலி என்று தெரியட்டும். இன்சூரன்ஸில் கண்ணாடி சேருமா என்று முதலிலேயே கேளுங்கள். ஷட்டர் கட்டாயம்.

வன்னிப்பெடியன்:
அண்ணை, போய் வந்தும் திருந்தவில்லை என்று நீங்களே சொல்லிப்போட்டீங்கள். பிறகெதற்கு அந்தச் சிறை? நார்தர்ன் டெரிட்டரியில் பழங்குடி மக்கள் சுமார் 30 சதவீதம். உள்ளே இருக்கிற பிள்ளைகளோ அநேகமாக எல்லோருமே அவர்கள்தான். டார்வினில் இருந்த சிறுவர் சிறையான டான் டேலில் 2000இல் ஒரு 15 வயதுப் பெடியன் உயிரை விட்டான். பேனாவும் பெயிண்டும் எடுத்ததற்குக் கட்டாயத் தண்டனை, 28 நாள். வெளியே வர நாலு நாள்தான் இருந்தது.

மருந்துக்கடை அக்கா:
சண்டை வேண்டாம். நான் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பர்க் என்ற ஊரில் வேலை பார்த்தவள். அங்கே பையன்கள் பலர் மாட்டியதே லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டித்தான். லைசென்ஸ் எடுக்க, லைசென்ஸ் உள்ள பெரியவரைப் பக்கத்தில் வைத்து 120 மணிநேரம் ஓட்டியிருக்க வேண்டும். வீட்டில் அப்படிப் பெரியவரும் கிடையாது, காரும் கிடையாது. ஊர்ப் பழங்குடி மக்களே நடத்தும் மரங்குகா என்ற அமைப்பு அந்தப் பயிற்சிக்கு வழி செய்தது. ஒரு பையன் கடைக்கு வந்து டேப் வாங்கி, மஞ்சள் 'எல்' அட்டையைக் கார்க் கண்ணாடியில் ஒட்டி, கோணலா என்று என்னை வெளியே கூப்பிட்டுக் கேட்டான். மூன்று தரம் பிய்த்து ஒட்டினான்! 2018இல் வந்த மதிப்பீட்டில், சிறுவர்கள் மீது அதிகம் பதிவாகும் ஐந்து வகை வழக்குகள் 38 சதவீதம் குறைந்திருந்தன.

டார்வின் கடைக்காரர்:
சரி அக்கா, பர்க்கில் குறையட்டும், சந்தோஷம். எங்கள் தெருவுக்கும் அனுப்பிவையுங்கள். தனிமடலில் ஷட்டர் விசாரித்தவருக்கு: சுருள் ஷட்டர் வாங்குங்கள், மடக்குவது வேண்டாம்.